சந்துக்கு அடியில் என்ன இருக்கிறது: ஒரு மண் பரிசோதனைச் சேவை பற்றி

மதுரையிலிருந்து வந்து சாலைக்கு அடியில் உள்ள மண்ணைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு குழுவை எங்கள் வீட்டுச் சந்துக்கு அழைத்திருந்தோம். காரைக்குடிப் பக்கம் வீட்டைக் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் விடுகிறவர்கள் பலர், "இதுக்கெல்லாம் எதுக்கு ஆச்சி இன்ஜினியரு, மேல ஒரு கோட்டு தார் போட்டா முடிஞ்சுது" என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை. இந்த வேலை செய்கிற யாரிடம் போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு செட்டிநாட்டு வழக்கப்படி முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும். பக்கவாட்டில் மூன்று பங்காளி வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சந்து. மாட்டு வண்டி போகப் போட்ட பாதை. பிறகு அப்பச்சியின் அம்பாசிடர் கார் போய்வந்தது. இப்போது அதில் வருவது ஜெனரேட்டர் வேன், கேரவன், சமையல் காண்ட்ராக்டரின் லாரி, தண்ணி லாரி. மராமத்துக்கு எம் சாண்ட் இறக்க டாரஸ் என்கிற பெரிய லாரியும் வரும். சந்தில் பேவர் பிளாக் பதித்து நன்றாகத்தான் இருந்தது. கழிவுநீர்க் குழாய்க்காக நடுவில் நீளவாக்கில் பள்ளம் தோண்டி, குழாயைப் போட்டு, மண்ணைத் தள்ளி, பிளாக்கைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த ஐப்பசி மழையிலேயே குழாய் போன தடத்தில் கல் எல்லாம் தொட்டில் மாதிரி இறங்கிவிட்டது. தண்ணி லாரி ஏறினால் கல் இடுக்கிலிருந்து செந்தண்ணி பீச்சியடித்தது. பக்கத்துச் செம்பராங்கல் சுற்றுச்சுவரிலும் விரிசல்.

பங்காளிகளின் வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பச்சி மகன், லாரி கனத்தில் வீடே ஆடுகிறது, இனி ஷூட்டிங்கே வேண்டாம் என்றார். சென்னைக்காரர், இன்னும் கெட்டியான பிளாக் வாங்கிப் போடலாம் என்றார். பிளாக் பதிக்கிறவரைக் கூப்பிட்டால் இருக்கிற கல்லின் மேலேயே கிரஷர் தூளைக் கொட்டி மட்டம் பண்ணித் தருகிறேன் என்றார். அப்படி மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் வீட்டு மழைநீர் வெளியேறுகிற துவாரங்கள் சந்து மட்டத்துக்குக் கீழே போய்விடும். நம் பக்கத்து வீடுகளில் மேடை உயரமாகக் கட்டியிருப்பது அலங்காரத்துக்காகவா? தெருத் தண்ணீர் ஊருணிக்கு ஓட வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது என்றுதானே. யார் சொல்வது சரி என்று பார்க்க மண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

போனில் பேசியபோது முதல் நல்ல அறிகுறி தெரிந்தது. விலையைச் சொல்வதற்கு முன்னால் அந்தத் தம்பி கேட்ட கேள்விகள் இவை: எந்த வண்டி வருகிறது, எத்தனை சக்கரம், ஓடிப் போகிறதா இல்லை நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தைத் தோண்டியிருக்கிறீர்கள். பிளாக்கின் தரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் நடுவில் புகுந்து 60 மில்லிமீட்டர் கல் என்று சொன்னேன். "அது கார், ஆட்டோவுக்குச் சரி, லாரி வந்தா 80 வேணும், அதை அப்புறம் பேசலாம்" என்று ஒதுக்கிவிட்டார்.

கட்டணம் 16,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வண்டிச் செலவு தனி. ஒரு சந்துக்கு இது அதிகம்தான். பிளாக் பெயர்த்துத் திரும்பப் பதிக்க எங்களுக்குச் சொன்ன கூலியோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு உறுத்தவில்லை.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றுக்கு வந்தார்கள். பங்குனி வெயில். அந்த மூன்று மணி நேரத்தில் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம். வந்த பிறகு வேலை சுறுசுறுப்புதான்: இன்ஜினியர் தம்பி ஒருவர், உதவிக்கு இரண்டு பேர்.

முதல் சோதனையை டி.சி.பி. என்கிறார்கள். பார்த்தால் எளிமையான சாமான். கூரிய கூம்பு முனை கொண்ட ஒரு இரும்புக் கம்பி, அதன் மேல் ஏறி இறங்கும் 8 கிலோ எடை. அதை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டுவிடுவார்கள். எடை விழுகிற ஒவ்வொரு அடிக்கும் முனை எத்தனை மில்லிமீட்டர் மண்ணுக்குள் இறங்குகிறது என்று அளவுகோலில் படித்து எழுதிக்கொள்வார்கள். இறங்காவிட்டால் மண் கெட்டி. பாண்டி ஆடுகிற மாதிரி சந்து முழுக்கச் சாக்பீஸில் கட்டம் போட்டுக்கொண்டு, குழாய்த் தடத்தில் சில இடம், தோண்டாத ஓரத்தில் சில இடம், ஜெனரேட்டர் வேன் வழக்கமாக நிற்கிற இடம் என்று கல்லைப் பெயர்த்து அடித்தார்கள்.

தோண்டாத பக்கம் ஒரு அடிக்கு 6 மில்லிமீட்டர் இறங்கியது. நம்மூர் சரளைச் செம்மண், காய்ந்து கிடந்தால் கடப்பாரையே தெறிக்கும், ஆச்சரியமில்லை. குழாய்த் தடத்துக்கு வந்ததும் அதே எடை, அதே உயரம், அடிக்கு 35லிருந்து 40 வரை இறங்கியது. ஓரிடத்தில் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை, எடையை மெதுவாக வைத்தாலே கம்பி தானாக உள்ளே போயிற்று. உதவிக்கு வந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆச்சி, உள்ள வெறும் கூடுதான்" என்றான். அவன் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் என்று அப்புறம் தெரிந்தது. இன்ஜினியர் தம்பி கடைசிவரை மதுரைக்காரர் முறையில் "அம்மா" என்றே கூப்பிட்டார்.

அந்த இடத்தைத் தோண்டியபோது குழாய் இணைப்பு ஒன்று லேசாகக் கசிவது தெரிந்தது. பல நாளாகக் கசிந்து, நுண்ணிய மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே பிளாக் மட்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வந்த டெம்போ டிராவலர் அங்கேதான் இரவு முழுக்க நின்றது என்று நினைத்துப் பார்த்தால் பகீர் என்கிறது.

இரண்டாவது, மணல் ஊற்றி அடர்த்தி பார்க்கும் சோதனை. இது எனக்குப் பிடித்துப்போனது. தரையில் சின்னதாக ஒரு குழி எடுத்து, வந்த மண்ணை ஒரு துளி சிந்தாமல் பையில் கட்டி எடை போடுகிறார்கள். பிறகு ஒரே அளவாகச் சலித்த மணலை உருளையிலிருந்து அந்தக் குழிக்குள் விடுகிறார்கள். எவ்வளவு மணல் போயிற்று என்பதிலிருந்து குழியின் கனஅளவு, அதிலிருந்து மண் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்ற கணக்கு. ஈரத்தைக் கழித்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் அதே மண்ணை எவ்வளவு நெருக்க முடியுமோ அந்த உச்சத்தோடு ஒப்பிடுகிறார்கள். எங்கள் குழாய்த் தடத்தில் வந்தது 84 சதவீதம். லாரி போகிற சாலைக்கு அடிமண் 97 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. அந்த உச்சத்தைக் கண்டுபிடிக்கும் முறை 1933இல் அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் வகுத்தது; அதைக் கனத்த பாரங்களுக்கு ஏற்றபடி பிற்பாடு கடுமையாக்கிக்கொண்டார்கள். மண்ணைச் சரியான ஈரப்பதத்தில் இடித்தால்தான் நன்றாக நெருங்கும், காய்ந்திருந்தாலும் நெருங்காது, சொதசொதவென்று இருந்தாலும் நெருங்காது என்பதுதான் அதன் சாரம். திமிசுக்கட்டை போட்டு இடித்த நம் பழைய கொத்தனார்களுக்கு எண் தெரியாமலே இது தெரியும். மண்ணில் தண்ணீர் தெளித்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இடிப்பார்கள்.

மூன்றாவது சோதனை இங்கே நடக்காது. மூட்டையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் செய்வார்கள். சி.பி.ஆர். என்று பெயர், கலிபோர்னியாவில் சாலைத் துறை உருவாக்கியது. மண்ணை அச்சில் இடித்து, 4 நாள் தண்ணீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டால் நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அழுத்துவார்கள். நல்ல உடைகல் காட்டும் எதிர்ப்பை 100 என்று வைத்துக்கொண்டால் உங்கள் மண் எத்தனை சதவீதம் என்பது விடை. ஏன் ஊறவைக்கிறார்கள் என்று கேட்டேன். சாலைக்கு மோசமான நாள் எதுவோ அந்த நாளின் பலம்தான் அதன் பலம் என்றார். சித்திரை வெயிலில் எங்கள் சந்து நன்றாகத்தானே இருக்கிறது. கார்த்திகையில்தானே காலை வாரிவிடுகிறது.

எங்கள் மண்ணுக்கு இரண்டு எண் வந்தது. சந்தில் எப்படித் தளர்ந்து கிடந்ததோ அதே தளர்ச்சியில் ஊறவைத்தால் 3. அதே மண்ணை 97 சதவீதம் வரை நெருக்கி ஊறவைத்தால் 14. இந்த அறிக்கைக்குக் கொடுத்த பணம் இந்த ஒரு வரிக்கே சரியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். நாங்கள் வேறு மண் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. படியில் அரிசியைத் தட்டித் தட்டி அளந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொள்ளுமோ அதைப் போல, இருக்கிற செம்மண்ணையே ஒழுங்காக இடித்தால் போதும். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலாக இருந்தால் கதை வேறு. அது ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடித்து, எவ்வளவு இடித்தாலும் தொந்தரவு தரும். எங்கள் செம்மண்ணுக்கு அந்தக் குணம் குறைவு என்று அறிக்கையில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டாலையில் உட்காரவைத்து நான் கேட்ட கேள்விகளுக்கு அந்தத் தம்பி பொறுமையாகப் பதில் சொன்னார். இந்தச் சேவையின் மதிப்பில் பாதி அந்த ஒரு மணி நேரம்தான். அழைக்கிறவர்கள் அன்றைக்கு வீட்டில் இருங்கள், வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

கோலாலம்பூர்க்காரரின் சந்தேகத்தை முதலில் கேட்டேன்: லாரி கனம் வீட்டு அஸ்திவாரத்தைப் பிடிக்குமா? தம்பி ஒரு காகிதத்தில் சக்கரத்தை வரைந்து, கீழே கோடு கோடாக விரித்துக் காட்டினார். சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில்தான் அழுத்தம் முழுசாக இருக்கிறது. கீழே போகப் போக அது பரந்து தணிந்துவிடும். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாகச் சக்கரத்தின் பாரத்தை வைத்துக்கொண்டால், ஒரே சீரான மண்ணில் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 28 சதவீதம்தான் மிஞ்சும், 60 சென்டிமீட்டரில் 9 சதவீதம். 1885இல் பூசினெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த கணக்கு, இன்றைக்கும் அதுதான் அரிச்சுவடி. வீட்டு அஸ்திவாரம் அதைவிட ஆழத்திலும் தள்ளியும் இருக்கிறது, பயம் வேண்டாம் என்றார். சந்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்றிருந்த சுற்றுச்சுவர்தான் கவலை. அதன் காலடிக்குப் பக்கத்திலேயே தளர்ந்த பள்ளம் இருப்பதால் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விட்டது, கசிகிற தண்ணீர் மண்ணையும் இழுக்கிறது. வண்டி போனால் கண்ணாடி அதிர்கிறதே என்றேன். அதிர்வு பெரும்பாலும் மேடு பள்ளத்தில் சக்கரம் தொபுக்கென்று விழுவதால் வருவது. மட்டமான தரையில் மெதுவாகப் போகிற லாரி அவ்வளவு அதிர்வு தராது என்றார். ஆக ஷூட்டிங்கை நிறுத்தச் சொன்ன பங்காளிக்கு அனுப்ப ஒரு நல்ல பதில் கிடைத்தது.

அடுத்தது எனக்கே ஆவலாக இருந்த விஷயம்: கார்கள் எத்தனை வந்தால் ஒரு லாரிக்குச் சமம்? எடைக்கு எடை இல்லை என்றார். 1958லிருந்து 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சுற்றுப்பாதைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து இரவும் பகலும் லாரி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சக்கரங்களை இணைக்கிற அச்சுகள் ஏறக்குறைய 11 லட்சம் தடவை ஏறி இறங்கின. அதிலிருந்து கிடைத்த பாடம், சாலைக்கு வரும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கைப் போல ஏறுகிறது என்பது. அதாவது பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. சாலைக் கணக்குக்கு அளவுகோலாக வைத்திருக்கும் அச்சு 8.16 டன். ஒரு சின்னக் காரின் அச்சில் 0.68 டன் இருக்கிறது என்றால் வித்தியாசம் 12 மடங்கு. சேதத்தில் 20,000 மடங்குக்கு மேல். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை கார்களையும் சேர்த்தாலும் ஒரு தண்ணி லாரியிடம் நிற்காது. 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன், வண்டி எடை தனி.

2018இல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு இருந்த 10.2 டன் வரம்பை 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் கூடியது 13 சதவீதத்துக்குள். நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அந்தத் தம்பியே எச்சரித்தார்: அந்த நான்கு என்பது ஒரே ஊரின் மண்ணிலும் குளிரிலும் கிடைத்த எண், எல்லாச் சாலைக்கும் அப்படியே பொருந்தாது, சாலைக்குச் சாலை கூடும், குறையும். தன் கணக்கின் எல்லையைத் தானே சொல்கிற ஆளிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

ஜெனரேட்டர் வேன் ஓடுவதே இல்லையே, நிற்கத்தானே செய்கிறது என்றேன். நிற்பதுதான் வம்பு என்றார். ஓடுகிற சக்கரம் மண்ணை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போய்விடும், மண் கொஞ்சம் எழுந்துகொள்ளும். நின்றால் எழ நேரமே இல்லை. ஊரில் பஸ் நிறுத்தங்களிலும் சிக்னலிலும் தார் அலை அலையாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் இளகிய தாரின் மேல் பாரம் மெதுவாக நகர்வதாலும், பிரேக் போட்டுத் தள்ளுவதாலும் அது. மழைக்காலத்தில் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. மண் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது சக்கரம் ஏறினால் அந்தப் பாரத்தை மண்ணுக்குப் பதில் தண்ணீர் தாங்கப் பார்க்கும். தண்ணீருக்குத் தாங்கத் தெரியாது. வழி கிடைத்த பக்கம் பீறிட்டு ஓடும், போகும்போது நுண்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். நாங்கள் பார்த்த செந்தண்ணி அதுதான். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கரண்டி மண் வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. கல் இடுக்கில் கிரஷர் தூளை நிரப்பினால் அதில் இருக்கும் மாவுத்தன்மை தண்ணீரைப் பிடித்துவைத்து இதை இன்னும் மோசமாக்கும் என்று சொன்னபோது எங்கள் பிளாக் காண்ட்ராக்டர் முகம் கண்முன் வந்தது.

இதெல்லாம் பாராட்டு. இனி குறை.

தளர்வாகப் போட்ட மண்ணால்தான் இத்தனையும் என்று கண்டுபிடித்த அதே குழு, தான் எடுத்த சோதனைக் குழிகளை எப்படி மூடியது தெரியுமா? மண்வெட்டியால் தள்ளி, காலால் இரண்டு மிதி, மேலே பிளாக்கை வைத்துக் கிளம்பப் பார்த்தார்கள். விடவில்லை. கொல்லையில் கிடந்த பழைய திமிசுக்கட்டையை எடுத்துவரச் சொல்லி, தண்ணீர் தெளித்து, படிப்படியாக இடித்து மூடிவிட்டுத்தான் போங்கள் என்று நின்றேன். இன்ஜினியர் தம்பிக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. சட்டையை மடித்துவிட்டு அவரும் ஒரு குழியை இடித்தார். குழி மூடுவது எப்படி என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. 4 நாள் ஊறவைப்பதற்கு மூன்று வாரமா என்று கேட்டால் ஆய்வுக்கூடத்தில் வரிசை என்கிறார்கள். வந்ததும் முழுக்க ஆங்கிலம், பக்கம் பக்கமாக அட்டவணை, ஒரு படம்கூட இல்லை. எந்தக் குழி எங்கே என்று காட்ட ஒரு வரைபடம் வேண்டாமா? சாக்பீஸில் கட்டம் போட்டபோது நான் போனில் எடுத்த படத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள். பிறகு அந்தத் தம்பியே வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினார். அறிக்கையைவிட அதுவே தெளிவு. மூன்று பங்காளிகளுக்கும் அதைத்தான் அனுப்பிவைத்தேன்.

அவர்கள் சொன்ன வைத்தியம் இது. முதலில் குழாய்க் கசிவை அடைப்பது. குழாய்த் தடம் முழுவதையும் திறந்து, அதே செம்மண்ணை 15 சென்டிமீட்டர் படிகளாகப் போட்டு, ஒவ்வொரு படியையும் சரியான ஈரத்தில் இடிப்பது. அதன்மேல் தண்ணீர் வடிகிற மாதிரி கப்பியும் மணலும் கலந்த ஒரு படுகை, பிறகு சின்ன மணல் படுகை, அதன்மேல் 80 மில்லிமீட்டர் பிளாக், நேர் வரிசையில் அடுக்காமல் மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி. ஓரங்களில் கான்கிரீட் கட்டை வைத்து இறுக்குவது. ஓரத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் சக்கரப் பாரம் ஒரு பக்கம்தான் பரவ முடியும். கிராமத்துச் சாலைகள் நடுவில் நன்றாக இருந்தாலும் ஓரம் மட்டும் கடித்துத் துப்பியது போல உடைவது அதனால்தான். மட்டத்தை ஏற்றக் கூடாது, பழைய மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுதியிருந்தார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

வேலையை உள்ளூர் ஆட்களை வைத்துச் செய்தோம். இடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்தோம், குறுகலான இடத்தில் திமிசுக்கட்டை. மேஸ்திரிக்கு 15 சென்டிமீட்டர் படி என்பது வீண் வேலையாகப் பட்டது. ஜேசிபியில் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ரோலர் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார். மேலே விடுகிற ரோலர் மேல்படியைத்தான் நெருக்கும், அடியில் பழைய கூடு அப்படியே இருக்கும் என்று டி.சி.பி. எண்களைக் காட்டிச் சொன்னேன். எண்களை அவர் நம்பினாரோ இல்லையோ, நான் நாற்காலியைப் போட்டுச் சந்திலேயே உட்கார்ந்துகொண்டதால் செய்தார். மழைக்காலம் கழிந்தது. தண்ணி லாரி வந்தது, ஒரு ஷூட்டிங்கும் நடந்தது. ஜெனரேட்டர் வேனை மட்டும் சந்துக்குள் விடாமல் முன்தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டோம். கல் இறங்கவில்லை. விரிசல் இன்னும் விரிகிறதா என்று பார்க்கச் சுவரில் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு உடையவில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால், களப்பணிக்கும் விளக்கத்துக்கும் 5க்கு 4.5. அறிக்கைக்கு 2. நேரம் தவறாமைக்கு ஒன்றுகூடப் போட மனமில்லை.

யாருக்கு இது தேவை? உங்கள் வாசலில் கார், பைக் மட்டும் வருகிறது, தரையும் இறங்கவில்லை என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். தோண்டி மூடிய இடத்தில் தரை இறங்குகிறது, மழையில் செந்தண்ணி பீச்சுகிறது, மேலே போட்டது திரும்பத் திரும்ப அதே இடத்தில் உடைகிறது என்றால் மறு கோட் போடுவதற்கு முன் அழையுங்கள். கோடையில் அழைத்தாலும் ஊறவைத்த எண்ணைத்தான் கேளுங்கள். காய்ந்த மண்ணின் எண்ணைக் காட்டி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். பல பேர் சேர்ந்து அழைத்தால் வண்டிச் செலவு பங்காகிவிடும், அதற்கும் சம்மதிக்கிறார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. வேலை முடிந்ததும் மறுபடி வந்து அடர்த்தி 97 வந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை அவர்கள் தனிச் சேவையாக வைத்திருக்கிறார்கள். முதல் பேச்சிலேயே அதையும் விலையில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் மதுரையிலிருந்து வரும் வண்டிச் செலவை இன்னொரு தடவை முழுசாகப் போடுகிறார்கள்.